மோர்ப் பந்தலும் ஐந்தாம் வார்த்தையும்

மடியில் இருந்த கைப்பை அதிர்ந்தபோது நான்காம் வார்த்தை பாதியில் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. நெய்வேலியில் எங்கள் சபையின் கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. மின்விசிறிகள் எல்லாம் சுற்றின, காற்றுதான் வரவில்லை. ஊர் ஊருக்குக் கரண்ட் அனுப்புகிற டவுன்ஷிப்பில் நாங்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தோம். பீடத்துக்கு இடப்பக்கம் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்தாவதில் நான். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, உள்ளங்கையெல்லாம் வேர்வை.

கோயில் பக்கமே போகாத வாசகர்களும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிலுவையில் தொங்கியபோது இயேசு ஏழு முறை பேசினார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த ஏழையும் ஏழு பேர் எடுத்து விளக்குவார்கள். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் ‘வார்த்தை’. “இந்த வருஷம் உங்களுக்கு எந்த வார்த்தை?” என்று கேட்டுக்கொள்வோம். வார்த்தை கிடைப்பது சபையில் பெரிய அந்தஸ்து. கான்ட்ராக்டில் இருந்தவனுக்குப் பர்மனன்ட் ஆர்டர் வந்த மாதிரி, வார்த்தை கிடைத்தவர் கொஞ்சநாள் நிமிர்ந்து நடப்பார்.

நான்காம் வார்த்தையைப் பேசிக்கொண்டிருந்தவர் தேவராஜ் அண்ணன். சபைச் செயலாளர். தெர்மல் மின்நிலையத்தில் ஃபோர்மேன், மெஷின் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை; அவருக்கு மைக் எதற்கு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கைப்பை இன்னொரு முறை அதிர்ந்தது.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் செல்போனை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறதி ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், கோதண்டபாணி என்கிற மனுஷன்.

பெண் என்றால் மூன்று

முதலில் நான் எப்படி அந்த ஐந்தாவது நாற்காலிக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் பெண்களுக்கு ஒரு வார்த்தை கொடுப்பார்கள். அது எப்போதும் மூன்றாவது. இயேசு தம் தாயைப் பார்த்துப் பேசுகிற வார்த்தை. தாய் வருகிறாள் அல்லவா, அதனால் அது பெண்களுக்காம். மற்ற ஆறிலும் எங்களுக்கு என்ன வேலை? வருஷா வருஷம் யாராவது ஒரு அம்மா எழுந்து தாயின் கண்ணீரைப் பற்றிப் பேசுவார். பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும். ஆண்கள் பக்கம் கடிகாரம் பார்ப்பார்கள்.

அந்த வருஷம், ஊரில் அப்போதுதான் எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்துகொண்டிருந்த சமயம், கமிட்டிக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள்.

“ரூபி சிஸ்டருக்கு மூணு” என்றார் தேவராஜ் அண்ணன்.

“எனக்கு அஞ்சு வேணும்ண்ணே.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “அது வழக்கமில்லியேம்மா. சிஸ்டர்ஸுக்கு மூணுதான?”

“ஏண்ணே, எங்களுக்கெல்லாம் தாகம் எடுக்காதா?”

யாரோ சிரித்தார்கள். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. ஏழிலும் சின்னது அதுதான், தமிழில் ஒற்றைச் சொல்: ‘தாகமாயிருக்கிறேன்’. ஆயர் புதிதாக மாற்றலாகி வந்தவர், வயதும் அதிகமில்லை. “கொடுத்துப் பார்ப்போமே” என்றார்.

“கொடுங்க, கொடுங்க. ஏதாச்சும் எசகுபிசகாச்சுன்னா மட்டும் அடுத்த வருஷம் யாரும் என்கிட்ட வந்து கேக்கக் கூடாது” என்றார் தேவராஜ் அண்ணன்.

ஆக, நான் சொதப்பினால் எனக்குப் பின்னால் வரப்போகிற எல்லாப் பெண்களும் சேர்ந்து சொதப்பின மாதிரி. வீட்டுக்கு வந்து என் கணவர் சாமுவேலிடம் சொன்னேன். “வாயைக் குடுத்து மாட்டிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல” என்று சொல்லிவிட்டு பி ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் தண்ணீர் தராதவள்

ஐந்தை ஏன் கேட்டேன்? என் பிழைப்பே தாகத்தோடுதான்.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. நர்சிங் படித்துவிட்டு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவள், டயாலிசிஸ் பிரிவிலேயே வேர் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், கோயிலிலும் சிஸ்டர். எங்கே யார் கூப்பிட்டாலும் திரும்புவேன்.

சிறுநீரகம் படுத்துவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போகாது. உடம்பிலேயே தங்கும். காலில் வீங்கும், முகத்தில் வீங்கும், மிஞ்சினால் நுரையீரலில் ஏறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அந்தத் தண்ணீரை எடுப்போம். இடைப்பட்ட நாளில் அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு நாள் முழுசுக்கும் சேர்த்து, நீங்கள் சாப்பாட்டுக்கு நடுவில் யோசிக்காமல் குடிக்கிற அளவுதான். மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதில் அடக்கம்.

தாகம் மட்டும் அளந்து வருவதில்லை. அது பாட்டுக்கு வரும்.

கோதண்டபாணி பண்ருட்டிக்கு அடுத்த திருவதிகைப் பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம். மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டினவர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. முறுக்கு மீசை, ஊருக்கே கேட்கிற குரல், யாருக்கும் அடங்காத வாய். நோய் எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. மீசையையும் வாயையும் மட்டும் விட்டுவைத்திருந்தது.

வந்ததும் எடை பார்ப்போம். போன தடவையை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் எடை மெஷினில் ஏறுவதே ஒரு நாடகம்.

“இது வேட்டி கனம் சிஸ்டரு. புது வேட்டி.”

“வேட்டி இவ்ளோ கனமாங்க? தண்ணில நனைச்சிக் கட்டிகினு வந்தீங்களா?”

“தனம், சிஸ்டருக்கு கொழுப்ப பாத்தியா?” என்று மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். தனலட்சுமி பாவம், சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். “குளிக்கறேன்னு போயி குளிக்கற தண்ணிய குடிக்கறாரு சிஸ்டர். நான் என்னாதான் பண்ணட்டும்? கூடவே போயி நிக்கட்டுமா?” என்பாள்.

வாய் கொப்பளிக்கிறேன் என்று விழுங்குவார். ஐஸ்கட்டி தண்ணீரில் சேராது என்று வாதாடுவார். பலாப்பழ சீசன் வந்தால் இன்னும் கஷ்டம். இந்த நோய்க்குப் பலா ஆகாது, இதயத்தையே நிறுத்திவிடும். பண்ருட்டிப் பக்கத்து மனுஷனைப் பார்த்துப் பலாச்சுளையைத் தொடாதே என்று சொல்வதற்கு ஒரு கல்மனசு வேண்டும். எனக்கு அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்கும்போது எத்தனையோ தடவை கேட்பார். “சிஸ்டரு, ஒரு வாய்.” நான் இல்லை என்பேன். இன்னொரு கட்டிலில் இன்னொருவர் கேட்பார். அவருக்கும் இல்லை. ஒரு ஷிப்ட் முழுக்க எத்தனை பேருக்கு இல்லை சொல்லியிருப்பேன்! சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜெபிக்க முட்டி போட்டால் நாக்கில் அந்த ‘இல்லை’தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். தாகமாய் இருக்கிறவனுக்குத் தண்ணீர் கொடு என்பது சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த விசுவாசம். ஐந்தாம் வார்த்தையைப் பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போய் முடிப்பார்கள். நான் எந்த முகத்தோடு போய் அப்படி முடிப்பது? சமையல்கட்டில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டே பேசிப் பார்ப்பேன். “பிரியமானவர்களே” என்று ஆரம்பிப்பேன். தண்ணீர் கொடுங்கள் என்கிற இடம் வந்ததும் வாய் அடைத்துவிடும். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

“வழக்கமா சொல்றதையே சொல்லிட்டு எறங்கு ரூபி. யாரு வந்து உன்னைக் கேள்வி கேக்கப் போறாங்க?” என்றார் சாமுவேல்.

யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குத்தான் பொறுக்காது.

ஒரு நாள் கோதண்டபாணியிடமே கேட்டுவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிற வசந்தி அதற்கு முன்பே விஷயத்தை அவர் காதில் போட்டிருந்தாள்.

“உங்க கோயில்ல தாகத்த பத்தி பேசப் போறியாமே?” என்றார். “உனுக்கு என்னா தெரியும் அத பத்தி?”

“தெரியலைங்க. நீங்கதான் சொல்லுங்களேன்.”

“சும்மாவா? ஒரு டம்ளர் தண்ணி குடு. சொல்றேன்.”

“அது முடியாதுங்க.”

“அப்ப இதுவும் முடியாது. போ.” முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கட்டிலில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மோர்ப் பந்தல்

என் கதை இப்படி இழுத்துக்கொண்டிருக்க, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. பிறப்பித்தவர் பாஸ்டரம்மா. ஆயரின் மனைவி. சின்ன வயது, நல்ல மனசு, எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு.

“நம்ம ரூபியக்கா அஞ்சாம் வார்த்தை பேசறாங்க. நாம சும்மா கேட்டுட்டு மட்டும் போகலாமா? தாகத்துக்கு ஏதாவது செய்யணும்” என்றார். செய்தார்கள். பெரிய வியாழனன்று காலையில் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் எங்கள் சபைப் பெயர் போட்ட ஒரு சாமியானா, இரண்டு எவர்சில்வர் அண்டா, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டு, உப்புத் தூக்கலாக நீர்மோர்.

எனக்கு அன்று டூட்டி. மாடி ஜன்னலிலிருந்து பந்தலைப் பார்த்ததும் எங்கள் பேஷண்டுகள் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

“பாஸ்டரம்மா, டயாலிசிஸ் பேஷண்டுங்களுக்கு மட்டும் குடுத்துறாதீங்க. அவங்களுக்கு இது விஷம்.”

“ஐயோ! எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?”

“முழங்கைப் பக்கம் பஞ்சு வெச்சு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அதப் பாத்தீங்கன்னா குடுக்காதீங்க.”

“சரிக்கா, ஒவ்வொருத்தர் கையையும் பாத்துட்டுதான் ஊத்துவோம்” என்றார். பார்த்தும் இருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் கோதண்டபாணிக்கு அன்று டயாலிசிஸ் நாளில்லை. மாத மருந்து வாங்க வந்திருக்கிறார். கையில் பஞ்சும் இல்லை பிளாஸ்டரும் இல்லை. அதற்கும் மேலே முழுக்கைச் சட்டை.

சாயங்காலம் நற்கருணை ஆராதனையில் தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்கிற நேரத்தில் பாஸ்டரம்மா எழுந்தார்.

“ஒரு சகோதரர் வந்தாருங்க. ஒரு டம்ளர் குடுத்தேன். கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சாரு. இன்னொண்ணு கேட்டாரு. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சிங்க. யாருமே எனக்கு இப்படி ஊத்தினதில்லம்மான்னாரு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.”

சபை “ஸ்தோத்திரம்” என்றது. வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து, “ஆள் எப்படி இருந்தாரு?” என்று கேட்டேன்.

“உயரமா, பெரிய மீசை வெச்சிக்கிட்டு. ஏங்க்கா, உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

மீசை வைத்தவன் ஊரில் ஆயிரம் பேர் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தனலட்சுமிக்குப் போன் போட்டேன். “நல்லாத்தான் சிஸ்டர் கீறாரு. கொஞ்சம் அசதியா கீதுன்னு படுத்துகினு இருக்காரு” என்றாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்றேன். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. “எனுக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு மத்தியானம்தான் என் முறை. அப்ப வரேன்னு சொல்லு.” மூச்சிரைப்பு இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்று தனலட்சுமியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அதனால்தான் செல்போனை அணைக்கவில்லை.

நடுவழியில்

இப்போது கோயிலுக்கு வருகிறேன். கைப்பையைத் திறந்து சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பார்த்தேன். வசந்தியின் செய்தி. அன்று எனக்கு லீவு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே என் டூட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

கோதண்டபாணி மூச்சுத்திணறலில் வந்திருக்கிறார், ஊசி ஏறவில்லை, டாக்டர் உன்னைக் கேட்கிறார். அவ்வளவுதான் இருந்தது.

மெஷினோடு இணைக்க அவர் கையில் ஊசி ஏற்றுவது லேசில்லை. ரத்தக்குழாய் நழுவும், ஓடி ஒளியும். எனக்கு அந்தக் கை பழக்கம். படுக்கவே முடியாமல் மூச்சுக்குத் தவிக்கிற ஆளிடம் மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்திருப்பார்கள் என்பது கண்ணில் ஓடியது.

அடுத்த வார்த்தை என்னுடையது. நான்கு முடிந்ததும் ஒரு பாட்டு, பிறகு நான். பேசிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதே வேகத்தில் அதன் மேல் எனக்குக் கோபமும் வந்தது. தாகத்தைப் பற்றி நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்க, அங்கே ஒருவர் தண்ணீரில் மூழ்குவதா?

எழுந்தேன். தேவராஜ் அண்ணன் அப்போது ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற வார்த்தையில் உருகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்ததும் அவர் பேச்சு ஒரு நொடி தடுக்கியது. நான் ஆயர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“ஐயா, நான் போகணும். ஒரு பேஷண்டுக்கு மூச்சு திணறுது.”

“அடுத்தது உங்க வார்த்தைம்மா.”

“தெரியுங்கய்யா.”

“வேற யாரும் இல்லியா அங்க?”

“ஊசி ஏறலையாம். என் கைக்குத்தான் ஏறும்.”

“திரும்பி வந்துருவீங்களா?”

“முடியாதுங்கய்யா. நாலு மணி நேரம் ஆகும்.”

அவர் முகத்தில் கோபமில்லை, தவிப்பு இருந்தது. “போங்கம்மா” என்றார். பக்கக் கதவு பூட்டியிருந்தது. நடுவழியாகத்தான் நடக்க வேண்டும். அத்தனை கண்ணும் என் மேல். “பயந்துட்டா பாரு” என்று ஒரு பெண்குரல், நன்றாகவே கேட்டது. ஆண் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. வெளியே வந்து ஸ்கூட்டியை முறுக்கினேன். வெறிச்சோடிய டவுன்ஷிப் ரோட்டில் போகும்போது அழுகையாக வந்தது. எத்தனை நாள் தவம் கிடந்து வாங்கின வார்த்தை! “ஏன் ஆண்டவரே, இன்னிக்கா?” என்று வாய்விட்டே கேட்டேன்.

உங்க சாமி யார் பக்கம்

கோதண்டபாணி கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு, முன்னால் சாய்ந்து, ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் கொதிக்கிற சத்தம். அந்த மனுஷன் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். தனலட்சுமி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெள்ளைச் சேலையோடு நான் வந்து நின்றதைப் பார்த்து ஒரு கணம் மிரண்டுபோனாள்.

கையைப் பிடித்தேன். இடத்தைத் தடவிப் பார்த்தேன். ‘இயேசுவே’ என்றேன். ஊசி ஏறியது. வசந்தி மெஷினை முடுக்கினாள். டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் இறங்க இறங்க மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. உதட்டில் நிறம் வந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் சாமுவேல் போன் பண்ணினார். பாடகர் குழுவில் இருந்தவர், பாட்டுக்கு நடுவில் வெளியே வந்து கூப்பிட்டிருக்கிறார். “எப்படி இருக்காரு?” என்றார். பிழைத்துவிட்டார் என்றேன். “இங்க ஒண்ணும் பிரச்சினையில்ல. உனக்குப் பதிலா பாஸ்டரம்மாவ பேசச் சொல்லிட்டாங்க. பிரமாதமா பேசினாங்க ரூபி. மோர் குடிச்ச அந்த சகோதரர் கதையச் சொன்னாங்க. கோயிலே அழுதுடுச்சி.”

நான் அந்தச் சகோதரரைப் பார்த்தேன். அவர் உடம்பிலிருந்து அந்த மோரைத்தான் நாங்கள் இறக்கிக்கொண்டிருந்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

(பாஸ்டரம்மாவிடம் பிறகு சொன்னேன். ஈஸ்டர் முடிந்த வாரம், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, நேருக்கு நேராக. “நான் நல்லதுன்னு நெனச்சுதானேக்கா செஞ்சேன்” என்றார். “ஆமாம், நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சீங்க” என்றேன். அடுத்த வருஷம் தேவராஜ் அண்ணன் பெண்களுக்கு மூன்றாம் வார்த்தைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் சண்டை போட்டேன். தோற்றேன். அதற்கடுத்த வருஷமும் போட்டேன்.)

“சிஸ்டரு” என்றார் கோதண்டபாணி.

“சொல்லுங்க.”

“ஒரு வாய் தண்ணி.”

“இல்லைங்க.”

“நாக்கு நனைக்கறதுக்கு.”

பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினேன். சட்டென்று பல்லால் கவ்வி உறிஞ்சப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டேன்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பார்வையில் வழக்கமான குறும்பு இல்லை. “நேத்து அந்தம்மா எப்டி ஊத்துனாங்க தெரியுமா? குடிங்கண்ணே, இன்னும் குடிங்கண்ணேன்னு. அவங்களும் உங்க கோயிலு. நீயும் அதே கோயிலு. அவங்க குடுக்கறாங்க, நீ புடுங்கற. உங்க சாமி யாரு பக்கம், அவங்க பக்கமா, உன் பக்கமா?”

நான் ஒரு மாதமாகக் குழம்புக் கரண்டியோடு தேடிக்கொண்டிருந்த கேள்வி அது. உங்கள் உயிரைக் காப்பாற்றியது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

“தெரியலைங்க” என்றேன்.

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயா வேலை பார்க்கிற அஞ்சலை ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். “இந்தாங்க சிஸ்டர். கோயில்லேர்ந்து அப்டியே ஓடியாந்து நிக்கறீங்க, மொகமே வெளுத்துப்போச்சி. மயங்கி வுழுந்து வெக்கப் போறீங்க.”

உண்மைதான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆராதனை முடிகிறவரை பெரிய வெள்ளி உபவாசம். “அப்புறம் குடிக்கிறேன், அங்க வெச்சிட்டுப் போ” என்றேன். பிறகு என்ன நினைத்தேனோ, அவர் பக்கம் திரும்பி, “நானும் காலைலேர்ந்து குடிக்கலைங்க” என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“நீ குடிக்காததுல எனுக்கு என்னா லாபம்?”

சுளீரென்று இருந்தது. என்ன லாபம்? ஒன்றுமில்லை.

“குடி” என்றார்.

“அப்புறமா வெளிய போயி குடிச்சிக்கிறேங்க.”

“வெளிய வாணாம். இங்கயே குடி. நான் பாக்கணும்.”

டயாலிசிஸ் பிரிவில் நாங்கள் யாரும் பேஷண்டுகள் கண்ணெதிரில் தண்ணீர் குடிக்க மாட்டோம். யாரும் எழுதி ஒட்டியதில்லை, அது ஒரு மரியாதை. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டுத் தனலட்சுமி சொன்னாள்: “குடிங்க சிஸ்டர். வூட்டுலயும் இப்டித்தான். நான் குடிக்கறத பாத்துகினே குந்தியிருப்பாரு.”

மணி மூன்று ஆகவில்லை. கோயிலில் இன்னும் ஏழாம் வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும். டம்ளரை எடுத்தேன். வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனேன்.

“அப்டி ஊத்தாத. வாய் வெச்சி குடி. மெதுவா.”

வாய் வைத்துக் குடித்தேன். அவர் கண் என் தொண்டையிலேயே இருந்தது.

“ஜில்லுன்னு கீதா?”

“ஆமாங்க. ஜில்லுன்னு இருக்கு.”

கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு வாய்” என்றார்.

குடித்தேன். அவர் தொண்டையும் ஏறி இறங்கியது.